பனியன் துணி வீட்டில் ஒரு பச்சைப்பாம்பு

அப்பாவோடு நான் மூன்று நாள் பேசவில்லை. வீட்டுக்குப் பின்னால் இருந்த பூவரச மரத்தை அவர் வெட்டிவிட்டார், அவ்வளவுதான். "அவ்வளவுதானே தரணி" என்று சொல்வது அம்மா. எனக்கு அது அவ்வளவுதான் இல்லை.

முதலிபாளையத்தில் எங்கள் வீட்டை ஒட்டியே அப்பாவின் பனியன் கம்பெனி இருக்கிறது. கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஒரு ஷெட், ஆறு தையல் மிஷின். இன்னும் நாலு மிஷின் போட இடம் வேண்டுமாம். மரம் போய்விட்டது.

அந்த மரத்தடியில்தான் நான் படிப்பேன். யாரோடு கோபித்துக்கொண்டாலும் அங்கேதான் போய் உட்காருவேன். இப்போது கோபித்துக்கொள்ளக்கூட எனக்கு ஓர் இடமில்லை.

நாலாம் நாள், வெட்டிய கிளைகளை ஏற்ற வண்டி வந்தது. கிளைகளுக்கு நடுவே ஒரு கொடி நெளிந்தது. பார்த்தால் பச்சைப்பாம்பு. என் சுண்டுவிரல் தடிமன்தான் இருக்கும். மூக்கு மட்டும் சீவிய பென்சில் மாதிரி கூராக இருந்தது.

"கண்ணைக் கொத்திப்போடுமுங்க. அடிச்சுப்போடலாம்" என்று வண்டிக்காரர் ஒரு கட்டையை எடுத்தார்.

"அப்பா, அடிக்க வேண்டாம்னு சொல்லுங்க" என்றேன்.

அப்பா ஓடிப் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அது கண்ணையெல்லாம் கொத்தாதுங்க. பல்லி, ஓணான் தின்னுட்டு மரத்துலயே இருக்கும். இப்ப அதுக்கு மரமே இல்லை. நாம வெச்சுக்கலாமுங்கப்பா" என்றேன்.

"சரி கண்ணு" என்றார் அப்பா, யோசிக்காமல்.

அம்மா அவரைத் தனியாகக் கூப்பிட்டாள். "பாம்பை ஊட்டுல வளக்கக் கூடாதுன்னு சட்டமே இருக்குதுங்க. தெரியாதாக்கும்?"

"மூணு நாள் கழிச்சு இப்பத்தான் எங்கிட்டப் பேசறா. கொஞ்சம் சும்மா இரு" என்றார் அப்பா. அது எனக்கும் கேட்டது.

துணி வெட்டும்போது போடும் கம்பிக் கையுறையை மாட்டிக்கொண்டு, அப்பா பாம்பைக் கிளையோடு தூக்கி ஓர் அட்டைப்பெட்டியில் வைத்தார். மேலே ஏறித் திரிகிற பாம்பு என்பதால் என்னைவிட உயரமாக ஒரு மரச்சட்டம் அடித்தோம். கம்பி வலை போட்டால் மூக்கு கிழியும். அதனால் விளையாட்டுப் பனியன் தைக்கிற, ஓட்டை ஓட்டையான வெள்ளைத் துணியைச் சுற்றிலும் கட்டினோம். அப்பாவே மிஷினில் உட்கார்ந்து ஓரம் அடித்து, பக்கவாட்டில் ஒரு ஜிப்பும் வைத்தார். உள்ளே பூவரசங்கிளை, ஒரு கொட்டாங்குச்சியில் தண்ணீர்.

"எந்தப் பாம்புக்காவது ஜிப் வெச்ச ஊடு இருக்குதா?" என்று அப்பா பெருமையடித்துக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பின்கட்டில், மரம் இருந்த பக்கம் பார்த்த மாதிரி அந்த வீட்டை வைத்தோம்.

பாம்பு சாப்பிடவே இல்லை. அம்மா பால் வைக்கலாமா என்று கேட்டாள். "அது பூனை இல்லீங்கம்மா" என்றேன். அப்பா விளக்குமாற்றோடு ஒரு பல்லியைத் துரத்தினார். பல்லி தப்பிவிட்டது, வால் மட்டும் கிடைத்தது. அந்த வாலை உள்ளே வைத்தோம். பாம்பு வாலைப் பார்த்தது, பிறகு எங்களைப் பார்த்தது. அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

ஆறு நாள் போனது. ஏழாம் நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால், வெள்ளைத் துணி ஓரிடத்தில் மட்டும் வெளியே தள்ளிக்கொண்டு தொங்கியது.

"துணி ஏனுங்கப்பா இப்படி ஆச்சு?"

அப்பா தடவிப் பார்த்தார். "பனியன் துணி கொஞ்சம் இழுத்தா மறுபடி சுருங்கிக்கும். நாளெல்லாம் ஒரே எடத்துல இழுபட்டாத்தான் இப்படித் தொங்கிப்போகும்."

சொல்லிவிட்டு அந்த வீட்டைச் சுற்றி வந்து பார்த்தார். மற்ற மூன்று பக்கமும் துணி சுருக்கமே இல்லாமல் இருந்தது. மரம் இருந்த பக்கம் மட்டும்தான் தொங்கியது. தொங்கிய இடத்தில் கடுகளவு ரத்தம். பாம்பின் மூக்கு நுனி தேய்ந்திருந்தது.

ஆறு நாளும் அது அந்தப் பக்கமே முட்டியிருக்கிறது. அங்கே மரம் இல்லை என்று அதற்கு யார் போய்ச் சொல்வது?

இப்படியே வைத்திருந்தால் செத்துப்போகும். விட்டுவிட்டால், என் மரத்தில் இருந்த எதுவுமே எனக்கு மிஞ்சாது. இரண்டையும் நினைத்து நினைத்து அழுகையாக வந்தது.

"விட்டுரலாமுங்கப்பா."

"இன்னும் ரெண்டு நாள் பாக்கலாம் கண்ணு. கெட்டித் துணியா மாத்திடறேன்."

"துணி நல்லாத்தான் இருக்குதுங்க. அதுக்குத்தான் இங்க இருக்க முடியலை."

அப்பா ஜிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதை விட்டுட்டா, மறுபடியும் எங்கூடப் பேசாம இருந்துருவியா?"

அப்பா பயந்துபோய் நான் பார்த்ததே இல்லை. எனக்கு என்னவோ போல ஆகிவிட்டது.

"பேசுவேனுங்கப்பா. ஆனா நீங்க மரத்தை வெட்டுனது தப்புத்தானுங்க."

"தப்புத்தான் கண்ணு. உன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கோணும்."

எங்கே விடுவது? எங்கள் தெருவில் பூராவும் ஷெட்டும் சுவரும்தான். பள்ளிக்கூடம் போகிற வழியில் இருக்கும் சீனிச்சாமி மாமாவின் காடு ஞாபகம் வந்தது. காடு என்றால் விவசாய நிலம். அதைச் சுற்றிக் கிளுவை மரங்களே வேலி, மேலே கோவைக்கொடி படர்ந்திருக்கும். நேராகப் போய் அவரிடமே கேட்டேன்.

"எலி புடிக்குமா?" என்றார்.

"இல்லீங்க மாமா. பல்லி, ஓணான்தான்."

"அப்புறம் எனக்கென்ன லாபம்?"

"லாபம் இல்லீங்க. நட்டமும் இல்லீங்க. ஆனா யாரும் அடிச்சுறக் கூடாதுங்க."

அவர் சிரித்துவிட்டார். "உள்ளதை உள்ளபடி சொல்ற. கொண்டாந்து விடு சாமி. வேலைக்கு வர்றவங்ககிட்டயும் சொல்லி வெக்கறேன்."

அன்று சாயங்காலமே அந்த வீட்டை வண்டியில் வைத்துக் கொண்டுபோனோம். வேலியோடு ஒட்டி நிறுத்தி, அப்பா ஜிப்பைத் திறந்தார். நான் நாலடி தள்ளி நின்றேன்.

பாம்பு தலையை மட்டும் வெளியே நீட்டி, ரொம்ப நேரம் அப்படியே இருந்தது. எனக்குள் ஒரு கெட்ட ஆசை, அது திரும்ப உள்ளேயே போய்விடாதா என்று. அது ஒரு கோவைக்கொடியைத் தொட்டது. அப்புறம் மெதுவாக, அவசரமே இல்லாமல், ஏறிப் போனது.

நான் இமைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்படியும் எந்த இடத்தில் பாம்பு முடிந்து கொடி தொடங்கியது என்று தெரியவில்லை.

நான் ஓவென்று அழுதேன். அழாதே என்று அப்பா சொல்லவில்லை. என் தலைமேல் கையை வைத்துக்கொண்டு வேலியையே தேடினார்.

"எங்க கண்ணு? காணமே?"

"இங்கதான் இருக்குதுங்கப்பா" என்று மூக்கை உறிஞ்சினேன். "நம்ம கண்ணுக்குத் தெரியாம நல்லா இருக்குது."