முதலாளி இல்லாத கணினி

மகேந்திரனின் எட்டாம் நாள் படையல் முடிந்து கதவைத் திறந்தபோது, இலையில் பரிமாறிய சோறு பரிமாறியபடியே இருந்தது. மூடி வைத்திருந்த மடிக்கணினிதான் திறந்து கிடந்தது.

போனவரின் அறையில் படையலை வைத்துவிட்டு எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்துவது வழக்கம். போனவர் வந்து சாப்பிடுவார். உயிரோடிருப்பவர்கள் அதைப் பார்க்கக் கூடாது. மறுபடி திறக்கும் முன் மூன்று முறை தட்ட வேண்டும். உள்ளே இருப்பவர் விலகிக்கொள்ளத்தான் அது. செத்தவரின் தம்பி சுரேன்தான் தட்டினான். காப்பி, சிகரெட்டோடு அண்ணனின் கணினியையும் கொண்டுபோய் இலைக்குப் பக்கத்தில் வைத்தவனும் அவன்தான்.

"மூடி லூஸ் லா அண்ணி," என்றான். "அண்ணன் வாய் மாதிரிதான். மூடி வெச்சாலும் நிக்காது."

கூடத்தில் யாரோ சிரித்தார்கள். மகேந்திரனின் மனைவி தினேஸ்வரி சிரிக்கவில்லை.

பொழுது சாய்வதற்குள் எல்லாரும் ஈப்போவுக்குக் கிளம்பிவிட்டார்கள். படையல் விளக்கு தானாக அணையட்டும் என்று அறைக்கதவைச் சாத்திவிட்டு, அவள் கணினியைச் சமையலறை மேசைக்குத் தூக்கி வந்தாள். மலேசியாவில் கோலா கங்சார் ஊரின் ஓரத்தில், ஒரு காலத்தில் அவள் மாமனார் ரப்பர்ப் பால் வெட்டிய தோட்டத்தை அழித்துக் கட்டிய வரிசை வீடு அது. வேலிக்குப் பின்னால் வெட்டாமல் விட்ட நாலைந்து ரப்பர் மரங்களில் காய்கள் வெயிலில் காய்ந்து வெடித்துக்கொண்டிருந்தன. ஒவ்வொரு வெடிப்புக்கும் பிறகு கொட்டைகள் தகரக் கூரையில் உருண்டு, யாரோ வெறுங்காலோடு மெல்ல நடப்பதுபோல் ஓரம்வரை போய் நின்றன. சாம்பிராணியும் வாடிய வாழையிலையும் ஆறிப்போன காப்பியும் கலந்த வாடை அவள் சேலையிலேயே ஒட்டிக்கொண்டு வந்திருந்தது.

அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். மகள் புனிதாவின் குரல்.

பள்ளிப் பாட்டுப் போட்டிக்காகப் பழகியபோது பதிவு செய்தது. மூன்றாம் அடியில் வரி மறந்து, சிரித்து, மறுபடி தொடங்குவாள். ஏழு வயதில் டிங்கிக் காய்ச்சல் பிள்ளையைக் கொண்டுபோன பிறகு தினேஸ்வரி அதையே கேட்டுக்கொண்டிருந்தாள். ஒருநாள் மகேந்திரன் அவள் கைப்பேசியை வாங்கிப் பதிவைத் தன் கணினிக்கு மாற்றிவிட்டு, கைப்பேசியில் இருந்ததை அழித்தார். "அழுது அழுது வீட்ட எழவு வீடாக்காத. எங்கிட்ட பத்திரமா இருக்கும்." ஒவ்வொரு வருடமும் கேட்டாள். ஒவ்வொரு வருடமும் "பெறகு பாக்கலாம்."

அந்தக் கணினியில் ஓடியது விண்டோஸ் இல்லை, லினக்ஸ் என்ற இயங்குதளம். யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், உள்ளே பிரித்தும் பார்க்கலாம் என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமை அடிப்பார். "எங்கப்பா தொரைக்குக் கும்பிடு போட்டது போதும் லா. இதுக்கு மொதலாளியே கெடையாது." அதில் அவளுக்கும் ஒரு பெயர் போட்டுக் கொடுத்திருந்தார். அந்தப் பெயரில் நுழைந்தால் சமையல் குறிப்பு பார்க்கலாம். 'புனிதா' என்ற கோப்புறையின் மேல் சிறிய பூட்டுப் படம் இருந்தது. அழுத்தினால் அனுமதி இல்லை என்றது.

சுரேனை அழைத்தாள். அவன் சொல்லச் சொல்ல, கறுப்புச் சன்னல் ஒன்றைத் திறந்து எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தேடித் தேடி அடித்தாள். அவளுடைய கடவுச்சொல்லைக் கேட்டது.

"ஒண்ணுமே விழல தம்பி. கீபோர்ட் ரோசாக் போல, கெட்டுப்போச்சு."

"இல்ல அண்ணி, லினக்ஸ்ல அப்படித்தான். ஒரு புள்ளிகூடக் காட்டாது. நீங்க அடிங்க. நம்ம கண்ணுக்குத்தான் தெரியாது, அதுக்குத் தெரியும்."

கண்ணுக்குத் தெரியாத சொல்லை அடித்து முடித்தாள். ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. தினேஸ்வரி அனுமதிப் பட்டியலில் இல்லை. இந்தச் சம்பவம் தெரிவிக்கப்படும்.

"யாருக்குத் தெரிவிக்கும்?"

சுரேன் சிரித்தான். "மெஷின் ஓனருக்கு. அண்ணனுக்குத்தான் போவும். இனிமே யாரு படிக்கப் போறா? விடுங்க, ஞாயித்துக்கெழம வந்து நானே தொறந்து தாரேன்."

போனை வைத்தாள். இத்தனை வருடம் பொறுத்தவளால் ஞாயிற்றுக்கிழமைவரை பொறுக்க முடியவில்லை. மறுபடி அடித்தாள்.

தெரிவிக்கப்படும்.

கூரையில் ஒரு கொட்டை உருண்டது. ஓரம்வரை போகவில்லை. பாதியில், படையல் அறைக்கு நேர் மேலே, நின்றது.

மறுபடி.

தெரிவிக்கப்படும்.

சாத்திய கதவுக்குப் பின்னால் அவர் கணினி முன் உட்காரும் நாற்காலியின் சக்கரம் சிமெண்டுத் தரையில் மெல்ல உருண்டது. பிறகு, எதையாவது படிக்கத் தொடங்குமுன் அவர் எப்போதும் இருமும் இருமல்.

கையை எடுத்துவிட வேண்டும் என்று நினைத்தாள். விரல் கேட்கவில்லை. மறுபடி அடித்தாள்.

இந்த முறை வரி வரவில்லை.

கோப்புறையின் மேல் பூட்டு இல்லை.

திறந்தாள். வெறுமை. ஒன்றுமே இல்லை.

அப்போது பாட்டுக் கேட்டது. கணினியிலிருந்து அல்ல. கதவுக்குப் பின்னாலிருந்து. முதலடி. இரண்டாமடி. மூன்றாமடியில் நின்றது. சிரிப்பு.

"புனிதா..."

எழுந்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. கூடத்தைக் கடந்து கதவுமுன் நின்றாள். உள்ளே பாட்டு நின்றுபோயிற்று. கைப்பிடியைப் பிடிக்கக் கை நீட்டினாள்.

உள்ளேயிருந்து தட்டினார்கள்.

ஒன்று.

இரண்டு.

மூன்று.

விலகிக்கொள்ளச் சொல்லும் தட்டு.

கதவடியில் விளக்கு வெளிச்சம் கோடாய்க் கிடந்தது. அதில் இரண்டு பெரிய பாதங்களின் நிழல். பக்கத்தில் இரண்டு சின்னப் பாதங்கள். கைப்பிடி, அவள் கை படாமலே, மெல்லக் கீழே இறங்கியது.