பண்டிதரைக் கொன்ற பந்து

காலையில் காபி குடிப்பதற்கு முன் ஒரே ஒரு கேள்வி. அதுதான் புள்ளி என்பவனின் வழக்கம்.

விளையாட்டுக் கணக்கு எதைக் கேட்டாலும் நொடியில் விடை சொல்லும் செயற்கை அறிவு இயந்திரம் ஒன்றை அவன் உருவாக்கியிருந்தான். பெயர் பண்டிதர். கீழ் வீட்டில் குடியிருந்த மாமனார் வாடகை வாங்காமல் கொடுத்திருந்த மாடி அறையே கம்பெனி. பண்டிதர் நலமா என்று சோதிக்க, தனக்கு ஐயமின்றி விடை தெரிந்த கேள்வியையே தினமும் கேட்பான்.

"லீக்ல அதிகமா கோல் விட்ட கோல்கீப்பர் யாரு?"

ஒலிபெருக்கி தெருமுனை வரை முழங்கும். "உங்கள் மாமனார்."

அன்றும் செருப்பைக் கழற்றியபடியே கேட்டான்.

பதில் இல்லை...

நிமிர்ந்தவன் அலறினான்!

ஜன்னல் கண்ணாடி நொறுங்கிக் கிடந்தது. பண்டிதரின் திரை பிளந்திருந்தது. பிளவின் நடுவே... ஒரு கால்பந்து!

இன்னும் சற்று நேரத்தில் கால்பந்துச் சங்கத்தார் பண்டிதரைப் பார்க்க வருகிறார்கள். பிடித்தால் ஒப்பந்தம். இல்லையேல் கம்பெனிக்குப் பூட்டு.

புள்ளி போனில் புகார் சொன்னதும் இன்ஸ்பெக்டர் வந்தார். ஒரு காலத்தில் போலீஸ் மகளிர் அணிக்காகக் கோல் மழை பொழிந்தவர். பிணத்தைச் சுற்றுவதுபோல் பண்டிதரைச் சுற்றினார். அடியின் வேகத்தில் பிளக் கழன்று கிடந்தது. எடுத்துச் செருகினார்.

பண்டிதர் கனைத்தார்.

"என் சர்வீஸ்ல செத்தவரே சாட்சி சொல்றது இதான் முதல் தடவை. சொல்லுங்க, உங்களைக் கொன்னது யாரு?"

"இது விளையாட்டுக் கேள்வி அன்று."

இன்ஸ்பெக்டருக்குக் காபி கொண்டுவந்த மாமனார் கதவருகே நின்று வேடிக்கை பார்த்தார்.

"அவர்கிட்ட அப்படிக் கேக்கக் கூடாது மேடம்," என்ற புள்ளி, கேள்வியை மாற்றிப் போட்டான். "கீழேருந்து ஒரே உதையில இந்த ஜன்னலுக்குள்ள பந்தை அடிக்க யாரால முடியும்?"

"அதிக வாய்ப்பு, எதிரில் நிற்கும் இன்ஸ்பெக்டருக்கு."

"காலையில நான் டியூட்டில இருந்தேன்," என்றார் இன்ஸ்பெக்டர், யாரும் கேட்காமலே. பிறகு அவசரமாக, "யாருக்கு ரொம்பக் கம்மி?"

"மாமனாருக்கு. வாய்ப்பு பூஜ்யம். அவர் உதைத்த பந்து நினைத்த இடத்துக்குப் போனதாகச் சான்றே இல்லை."

காபிக் கோப்பை மேஜைமேல் ணங்கென்று இறங்கியது.

"பூஜ்யமா? நான்தான்யா அடிச்சேன்! வேலியோரம் நின்னு, இடது கால்ல!"



இன்ஸ்பெக்டர் மெல்லக் காரணம் கேட்டார். பெரியவரின் குரல் தாழ்ந்தது. தினமும் அந்தப் பதில் தரையைத் துளைத்துக்கொண்டு கீழே இறங்குகிறதாம். பேப்பர் போடுகிறவர்கூட வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாராம். அந்த நேரம் வந்தால் மகள் ஓடிவந்து ஜன்னலைச் சாத்துகிறாளாம்.

"விட்டதெல்லாம் எனக்கே தெரியும் மாப்பிள்ளை. பிடிச்சது எத்தனைன்னு ஒருநாளாவது கேட்டீங்களா?"

 விடை தெரிந்த கேள்வி என்பதால் புள்ளி கேட்டான். தரைக்குக் கீழே ஒரு ஜோடிக் காது இருப்பதை நினைத்ததே இல்லை.

"கம்ப்ளெயின்ட்டை வாபஸ் வாங்கிக்கறேன் மேடம்," என்றவன் பண்டிதரிடம் திரும்பினான். "எழுதிக்குங்க. மாமா அடிச்ச உதை குறி தப்பலை. ஒரு கோல்."

"பதிவு செய்தேன். ஆனால் வீடு அவருடையது. ஜன்னலும் அவருடையது. ஆகவே, சேம் சைடு கோல்."

ஒலிபெருக்கி அதையும் தெருமுனை வரை கொண்டுபோனது. பெரியவர் தலை குனிந்தார்.

வாசலில் கார் வந்து நின்றது.

புள்ளி குனிந்தான். பிளக்கைப் பிடுங்கினான்!

"என்ன மாப்பிள்ளை இது... சங்கத்துக்காரங்க படியேறிட்டாங்க!"

"ஏறட்டும் மாமா. சேம் சைடு கோல் போட்டவங்க வரிசையில உங்களுக்கு முன்னாடி நான் நின்னுக்கறேன்."