பன்னிரண்டு புள்ளி ஆறு வோல்ட்

ஞாயிறு மாலை 6.40. துபாயிலிருந்து ஷார்ஜா போகும் சாலையில், நெரிசலின் நடுவே, பத்மநாபனின் கார் செத்துப்போனது. எண்பத்திரண்டாம் வருஷத்து வண்டி. முதலில் ஏசி நின்றது. அடுத்து விளக்குகள், பிறகு என்ஜின். ஹாரனும் அடிக்கவில்லை. பின்விளக்கு எரியாத காரைக் கடைசி நொடியில் பார்த்த லாரி, ஒரு முழம் தள்ளி நின்றது. அந்த ஒரு முழத்துக்கு இந்தப் பக்கம், பின்சீட்டில், பத்து வயது மகள் அனன்யா.

திங்கள் காலை 10.30. ஷார்ஜா தொழில்பேட்டை கராஜ்.

"புதன்கிழமை இவன்தான் வயரிங் மாத்தினான். அதுக்கப்புறம் யாரும் கை வைக்கல," என்று பத்மநாபன் எலக்ட்ரீஷியன் துஷாந்தனை நோக்கி விரல் நீட்டினார். நகக்கண்ணில் கறுப்பாக ஒரு கோடு. அவர் மனைவி ஜெயபாரதி அதைக் கிரீஸ் என்று நினைத்தாள்.

"நேத்து நீங்க எங்க ஸ்பான்சர் கஃபீலுக்கே போன் பண்ணிட்டீங்களே சார்," என்றார் கராஜ் பொறுப்பாளர் கௌஸ் முகைதீன். "இவன்கிட்ட விசா கேன்சல் பேப்பர்ல கையெழுத்தும் வாங்கியாச்சு. பன்னெண்டு மணிக்கு டைப்பிங் சென்டர் போகுது. அங்க பதிஞ்சுட்டா இவன் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்."

ஜெயபாரதி பள்ளியில் பிசிக்ஸ் டீச்சர்; அன்று லீவு போட்டிருந்தாள். துஷாந்தனிடம் போனாள்.

"ஏன் கையெழுத்துப் போட்டீங்க?"

"இரவு முழுக்க ஒவ்வொரு வயரா நினைச்சுப் பாத்தனான், டீச்சர். எங்கையோ என்ர கைதான் பிழைச்சுப்போச்செண்டு நானே நம்பீட்டன். அடுத்த கிழமை என்ர மனுசி கஜந்தி விசிட் விசாவில வாறா. அவவுக்கு இன்னும் சொல்லேல்லை."

செய்யாத தப்பை ஓர் இரவில் நம்பிவிட முடியும் என்று ஜெயபாரதிக்குத் தெரியும். பதினான்கு வருஷக் கல்யாணத்தில் அவளும் அப்படிச் சில கையெழுத்துகள் போட்டிருக்கிறாள்.

"பேட்டரி?"

"பன்னிரண்டு புள்ளி ஆறு. ஃபுல் சார்ஜ்." காட்டினான். மீட்டரின் இரண்டு முனைகளும் பேட்டரி மேலேயே இருந்தன.

"ஹெட்லைட் சுவிட்சைப் போட்டுட்டு, கறுப்பு முனையை மட்டும் கார் பாடில வைங்க."

வைத்தான். எண் சரிந்து பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நின்றது.

"பேட்டரில கரண்ட் இருக்கு. திரும்பி வரத்தான் வழியில்ல. எர்த் வயர் எங்க?"

"பாடியோட சேத்து இறுக்கினனான். இரும்பு மின்னுமட்டும் சுரண்டிப்போட்டுத்தான்." போனில் படம் எடுத்து வைத்திருந்தான். புதன் மாலை 6.20. போல்ட்டைச் சுற்றி வெள்ளி போல ஒரு திட்டு.

காரில் அந்த இடம் இப்போது கறுப்பு. போல்ட்டைக் கழற்றினான். வயரின் அடியிலும் புதுப் பெயின்ட்.

ஜெயபாரதி கணவரின் விரலைத் திரும்பப் பார்த்தாள். கிரீஸ் என்றால் சோப்புக்குப் போயிருக்கும்.

"சனிக்கிழமை பழைய கார் கண்காட்சி," என்றாள். "எல்லாரும் பானட்டைத் திறந்து வச்சிருந்தீங்க. அந்தத் திட்டு அசிங்கமாத் தெரியும்னு காலையில போல்ட்டைக் கழட்டிப் பெயின்ட் அடிச்சது நீங்கதான்."

"ஒரு சின்ன இடம். பளிச்சுனு தெரிஞ்சுது."

"பெயின்ட் கரண்டை விடாது. போல்ட் மரை வழியா ஏதோ கொஞ்சம் போச்சு. வண்டி ஓடுற வரைக்கும் ஆல்டர்னேட்டர் தாங்குச்சு. நெரிசல்ல நின்னதும், ஏசியும் லைட்டும் இழுத்த இழுப்புக்கு அதால முடியல. கை குடுக்க பேட்டரியும் இல்ல."

துஷாந்தன் யாரையும் பார்க்கவில்லை. பெயின்ட்டைச் சுரண்டத் தொடங்கினான்.

11.35. "சார், கஃபீல்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க," என்றார் கௌஸ் முகைதீன். "நான் சொன்னா, பையனைக் காப்பாத்தறேன்னுவார்."

"நான் சொல்றேன், நம்பர் குடுங்க," என்றாள் ஜெயபாரதி.

"புகார் சாரோடது, மேடம். சார் வாயால வரணும்."

பத்மநாபன் போனை எடுத்தார். சனிக்கிழமை அந்தக் கஃபீல் தன் பழைய காரோடு அவர் பக்கத்தில்தான் நின்றிருந்தார்; என்ஜினைக் குனிந்து பார்த்து, தோளில் தட்டியிருந்தார். திரையை விரலால் ஒருமுறை தேய்த்துவிட்டுப் போனைப் பைக்குள் போட்டார்.

"வீட்டுக்குப் போய்ப் பண்றேன்."

"வீட்டுக்குப் போக ஒரு மணி நேரம் ஆகும். பேப்பர் பன்னெண்டுக்கே போயிடும்," என்றாள் ஜெயபாரதி.

அவர் கேட்காதது போல வண்டியில் ஏறினார். சாவியைத் திருப்பியதும் விளக்குகள் எரிந்தன, ஏசி ஊதியது. துஷாந்தன் பானட்டை மெதுவாக இறக்கி மூடினான்.

"ஏறுங்கோ, டீச்சர். இனிப் பயமில்லை."

ஜெயபாரதிக்கு லைசென்ஸ் இல்லை. ஒரு மணிக்கு அனன்யாவைப் பள்ளியிலிருந்து கூட்டிவர வேண்டும். முன்சீட்டில் ஏறி, கதவைச் சாத்தினாள்.