வடக்குக் கதவு

நான் சொல்லப்போவதில் எவ்வளவு சரி என்று எனக்கே நிச்சயமில்லை. அது செவ்வாய்க்கிழமை என்று நான் சொல்கிறேன். என் மனைவி வியாழன் என்கிறாள். மச்சினன் கால் கட்டோடு எங்கள் வீட்டில் இருந்த மூன்றாவது வாரம் என்கிறேன், ஐந்தாவது என்கிறாள். அவள் சொல்வதே சரியாக இருக்கலாம். நடந்ததை அவள் வெளியே நின்று பார்த்தாள். நான் உள்ளே இருந்தேன்.

ஒன்றில் மட்டும் சந்தேகம் இல்லை. "வந்துடறேன்" என்று அவனிடம் சொன்னது நான்தான்.

எனக்கு வேலை ஒரு பேக்கரியில். விடிவதற்கு முன்பே அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, பதினோரு மணிக்கெல்லாம் வீடு திரும்பிவிடுவேன். மனைவி மருந்துக்கடையிலிருந்து வர மாலை ஐந்தாகும். இடையில் உள்ள ஆறு மணி நேரமும் விளையாட்டுதான். மூன்று மாடி உயர இரும்பு உருவங்கள், அவற்றுக்குள் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டு ஒருவரையொருவர் சுட்டுத் தள்ளுவது. நாங்கள் அவற்றை வண்டி என்போம். உலகம் முழுக்கத் தேடினாலும் முந்நூறு பேர்கூட ஆடாத விளையாட்டு. எங்கள் மொழி பேசும் அறையில் பகல் நேரத்தில் இருப்பவர்கள் மூன்றே பேர். ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர், ஒரு வெல்டர், நான். என் பட்டப்பெயர் ரொட்டி.

புது ஆட்கள் வராவிட்டால் சர்வரை மூடிவிடுவோம் என்று நடத்துகிறவர்கள் சொல்லியிருந்தார்கள். அதனால் எங்கள் மூவரையும் வரவேற்புக் குழு ஆக்கினார்கள். புதிதாக வருகிறவனைப் பயிற்சி மைதானத்துக்குக் கூட்டிப்போய், வண்டியின் கால் ஒரு திசையில் போகும்போது இடுப்புக்கு மேலே வேறு திசையில் திரும்பலாம் என்று காட்ட வேண்டும். தொடர்ந்து சுட்டால் வண்டி சூடேறி நின்றுவிடும் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் எங்கள் வேலை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். புதியவர்களை எங்களுக்குப் பிடிக்காது. கேட்டதையே கேட்பார்கள், நடுவழியில் நிற்பார்கள், நம் முதுகிலேயே சுடுவார்கள். அவர்கள் இல்லாவிட்டால் எங்களுக்கு விளையாட்டே இல்லை என்பது இன்னும் எரிச்சலைத் தந்தது.

அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் உருவாகியிருந்தது. மைதானத்தின் வடக்குக் கோடியில், பாறையில் பெரிய இரும்புக் கதவு ஒன்று உண்டு. அது வெறும் படம். திறக்காது. புதியவனை அதன் முன்னால் நிறுத்துவோம். "நாங்க உள்ள போய்த் திறக்கிறோம். அசையக் கூடாது. இடது சுண்டுவிரலால கீபோர்டு மூலை பட்டனை அழுத்திப் பிடிச்சுக்கிட்டே இருங்க. கையை எடுத்தா முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்." பிறகு நாங்கள் மலைக்குப் பின்னால் உட்கார்ந்து சிரிப்போம். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். அவன் புரிந்துகொண்டு திட்டுவான். திட்டத் தெரிந்தவனைக் குழுவில் சேர்த்துக்கொள்வோம். திட்டாமல் போய்விடுகிறவன் போகட்டும்.

ஒருவன் திட்டவும் இல்லை, போகவும் இல்லை.

அவன் தனக்கென்று பெயர்கூட வைத்துக்கொள்ளவில்லை. விளையாட்டு கொடுத்த எட்டு எண்களே அவன் தலைக்கு மேல் மிதந்தன. நம்பர் என்று கூப்பிட்டோம். மைக்கை மூடத் தெரியாதவன். அதன் வழியே எந்நேரமும் மூச்சு இழுபடும் சத்தமும், ஏதோ பாத்திரத்தில் குழாய் சொட்டும் சத்தமும் கேட்டுக்கொண்டே இருக்கும். பேச்சும் மெதுவாகத்தான் வரும்.

"எப்ப வருவீங்க?"

"வந்துடறேன். கையை எடுக்காதீங்க."

அன்று மனைவி சீக்கிரம் வந்துவிட்டாள். நான் கணினியை அணைத்துவிட்டேன். மறந்தும் போனேன்.

மறுநாளும் அவன் அங்கேயே நின்றான். கால் இரண்டும் கதவைப் பார்த்து. இடுப்புக்கு மேலே முழுவதும் பின்னால் திரும்பி, நாங்கள் வரும் பாதையைப் பார்த்து. அந்த நிலையில் ஒரு வண்டியை நான் அதுவரை பார்த்ததில்லை.

"தூங்கிட்டான் போல," என்றான் வெல்டர்.

"தூங்கினா வெளிய தள்ளிடும்பா. கை பட்டன்லதான் இருக்கு," என்றார் டீச்சர். "ரொட்டி, நீ நிறுத்தின ஆளு. நீயே போய்ச் சொல்லு."

நான் போகவில்லை. முதல் நாளே போயிருந்தால் வேடிக்கை. இரண்டாம் நாள் போனால் மன்னிப்புக் கேட்க வேண்டும். எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் என்னிடம் எப்போதும் கோபமாகத்தான் வெளியே வரும். மூன்றாம் நாள் அவன் மறுபடி "எப்ப வருவீங்க?" என்றபோது, அவன் குரல் எனக்குக் கேட்காதபடி செய்துவிட்டேன்.

ஆறாம் நாள் கதவின் முன்னால் யாரும் இல்லை.

இரண்டு வாரம் கழித்து வரவேற்புக் குழுவுக்கு ஒரு கடிதம் வந்தது. அவன் தங்கை எழுதியிருந்தாள். அண்ணன் ஒரு வருடமாகப் படுக்கையில் இருந்தாராம். கடைசி ஐந்து நாளும் கீபோர்டிலிருந்து இடது கையை எடுக்க விடவே இல்லையாம். யாரோ வருவதாகச் சொன்னார்களாம். "சண்டை போடுவதற்காகக் கேட்கவில்லை. அவர் எதற்காகக் காத்திருந்தார் என்று தெரிந்தால் போதும்."

மூவரும் படித்தோம். பிறகு டீச்சர் கடிதத்தை அழித்தார். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

அதற்குப் பிறகுதான் புதியவர்கள் எங்களைத் தேடி வருவது நின்றது. ஒரு பெண் வந்தாள். நான் வணக்கம் சொல்வதற்குள் அவள் வண்டி வடக்கே நடக்கத் தொடங்கியிருந்தது.

"கத்துக்க வேணாமா?" என்று கேட்டேன்.

"ஒருத்தர் சொல்லிக் குடுத்துட்டாரே. ரொம்பப் பொறுமையான மனுஷன்."

கதவின் முன்னால் போய் நின்றாள். அவள் இடுப்பு மெதுவாகப் பின்னால் திரும்பியது.

நான் அன்றே விளையாட்டை விட்டேன்.

மச்சினன் எங்கள் வீட்டுக்கு வந்தது அதற்கடுத்த மாதம். மனைவியின் தம்பி, பஸ் ஓட்டுகிறவன். ஏணியிலிருந்து விழுந்து முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிவு. சும்மா உட்காரவே தெரியாத ஆள். மூன்றாம் நாளே என் கணினியைச் சுற்றி வர ஆரம்பித்தான்.

"மாமா, அந்த இரும்பு பொம்மையை எனக்கும் சொல்லிக் குடுங்க."

"வேணாம் மாப்ள. போர் அடிக்கும்."

"கால் ஒரு பக்கம், முகம் ஒரு பக்கமா? எங்க கண்டக்டர் மாதிரியே இருக்கு. நான் பஸ்ஸையே ரிவர்ஸ்ல சந்துக்குள்ள விடறவன் மாமா, இதை ஓட்ட மாட்டேனா?"

"வேணாம்னா விடு."

நான் போட்ட சத்தத்தில் அவன் சிரிப்பு நின்றது. மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். காரணம் கேட்டாள். நான் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, அல்லது வியாழன், பதினொன்றரைக்குக் கதவைத் திறந்தேன். கையில் மாவு காய்ந்து இழுத்துக்கொண்டிருந்தது. வெளியே கண் கூசும் வெயில். வீட்டுக்குள் ஈரத் துணியை நாட்கணக்கில் மூடிவைத்தது போன்ற வாடை.

மச்சினன் என் நாற்காலியில் இருந்தான். காதில் ஹெட்போன். கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் நீட்டி, ஊன்றுகோலை மேஜையில் சாய்த்து வைத்திருந்தான். இடது சுண்டுவிரல் மூலை பட்டனில்.

"மாமா, கோவிச்சுக்காதீங்க," என்றான் திரும்பாமலே. "உங்க ஆளு ஒருத்தர் அருமையா சொல்லிக் குடுக்கறார். கதவு திறக்கப் போகுதாம்."

திரையில் வடக்குக் கதவு. அதன் முன்னால் இரண்டு வண்டிகள். ஒன்றின் தலைக்கு மேல் எட்டு எண்கள்.

"எழுந்திரு மாப்ள."

"அசையக் கூடாதாம்."

"எழுந்திரு!"

"எப்ப வருவாங்க மாமா?"

அது மச்சினன் குரல்தான். ஆனால் அந்த மெதுவான இழுப்பு அவனுடையது அல்ல.

சுவரிலிருந்து வயரைப் பிடுங்கினேன். திரை கறுத்தது. அவன் கறுத்த திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். விரலை எடுக்கவில்லை. தோளைப் பிடித்து இழுத்தேன். சுமை லாரியை இழுப்பது போல இருந்தது. உதடு வெடித்து உலர்ந்திருந்தது. மூச்சு இழுபட்டது.

நான் காலையில் கிளம்பும்போது அவன் தூங்கிக்கொண்டிருந்தான். சில மணி நேரத்தில் ஒரு மனிதன் இப்படி வற்றிப்போக முடியாது.

வெல்டரை அழைத்தேன். நடந்ததைச் சொன்னேன்.

"திறக்கிறேன்னு யார் சொன்னது?" என்றான்.

"நான்தான்."

"அப்ப நீ போ. என்னை இதுல இழுக்காத."

மனைவியின் பழைய மடிக்கணினியைத் திறந்து, மச்சினன் காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றி அதில் மாட்டி, அவனுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். மைதானம் வந்தது. மேஜை மேலிருந்த கணினிக்கு மின்சாரமே இல்லை. ஆனாலும் மச்சினனின் வண்டி அங்கே நின்றுகொண்டிருந்தது.

நான் வடக்கே நடந்தேன்.

இரண்டு வண்டிகளும் இடுப்புக்கு மேலே திரும்பி, நான் வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தன.

ஹெட்போனில் குழாய் சொட்டியது. மூச்சு இழுபட்டது. பிறகு மரக்கட்டை ஒன்று தரையில் மோதி இரண்டு முறை துள்ளும் சத்தம்.

ஹெட்போனைக் காதிலிருந்து விலக்கித் திரும்பிப் பார்த்தேன். மேஜையில் சாய்த்த ஊன்றுகோல் அப்போதுதான் சரியத் தொடங்கியது. விழுந்தது. இரண்டு முறை துள்ளியது.

நம்பர் எங்கோ இருந்து பேசவில்லை.

இந்த அறையில் இருந்தான்.

"வந்துட்டேன்," என்றேன். மறுபடி சொன்னேன்.

"திறங்க."

"கதவு இல்லீங்க. அது படம். நாங்க பொய் சொன்னோம்."

சொட்டு. சொட்டு.

"தெரியும்," என்றது குரல். "ரெண்டாம் நாளே தெரியும்."

"அப்புறம் ஏன் நின்னீங்க?"

"வரேன்னு சொன்னீங்களே."

மச்சினனின் மூச்சு நீண்டு, நின்று, வெகுநேரம் கழித்துத் திரும்ப வந்தது.

"அவன விட்டுடுங்க. அவனுக்கு ஒண்ணும் தெரியாது."

"எனக்கும் தெரியாதுதான். புதுசு."

"என்ன செய்யணும்? சொல்லுங்க. செய்யறேன்."

எட்டு எண்கள் கொண்ட வண்டி முதல் முறையாகக் காலை நகர்த்தியது. கதவின் முன்னால் ஒரு வண்டி நிற்கும் அளவுக்கு இடம் விட்டது.

நான் போய் அந்த இடத்தில் நின்றேன். என் இடது சுண்டுவிரல் மூலை பட்டனைத் தேடிப் போனது. நான் அனுப்பவில்லை.

ஹெட்போனில் வேறு குரல் வந்தது. சலிப்பான குரல், வாசலில் யாரோ வந்துவிட்ட அவசரத்தில் பேசுகிற குரல். அது என் குரல்.

"வந்துடறேன். கையை எடுக்காதீங்க."

பக்கத்தில் நாற்காலி கிறீச்சிட்டது.

"மாமா," என்றான் மச்சினன், "நீங்க எப்ப வந்தீங்க? தாகமா இருக்கு. தண்ணி குடுங்க."

என்னால் எழ முடியவில்லை. ஐந்து மணிக்கு மனைவி வந்து தண்ணீர் கொடுத்தாள். அவனுக்கும், எனக்கும்.

டீச்சர் ஊரை விட்டு மகனோடு போய்விட்டார். நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை. வெல்டர் வேறு விளையாட்டுக்கு மாறிவிட்டான். வடக்கே நடந்த பெண் யார், என்ன ஆனாள் என்று எனக்குத் தெரியவே இல்லை. மச்சினனுக்குக் கால் கூடிவிட்டது. பழையபடி பஸ் ஓட்டுகிறான். அந்த நாளில் எதுவும் அவனுக்கு நினைவில்லை. நம்பரின் தங்கைக்கு, விளையாட்டில் இருந்த அவன் கணக்கு வழியாகவே, எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். படித்ததாகக் காட்டியது. பதில் இல்லை. ஆட்கள் போதவில்லை என்று சர்வரை மூடிவிட்டார்கள். ஐந்து மாதம் ஆகிறது. கணினி இரண்டையும் மனைவி யாருக்கோ கொடுத்துவிட்டாள். டாக்டர் என் இடது கையில் நரம்புக் கோளாறு எதுவும் இல்லை என்கிறார். பேக்கரியில் வேறு ஆள் போட்டுவிட்டார்கள். ஒரு கையால் மாவு பிசைய முடியாது.

இதை வலது கையால்தான் எழுதுகிறேன். இடது கை மேஜை மூலையில் இருக்கிறது. சுண்டுவிரல் அழுத்தும் இடத்தில் மரம் குழிந்துவிட்டது. நாற்காலியைச் சுவர் பக்கமாகத்தான் போட்டிருக்கிறார்கள். என் உடம்பு மட்டும் எந்நேரமும் வாசல் பக்கம் திரும்பியிருக்கிறது. சமையலறைக் குழாயை இரண்டு முறை மாற்றினார்கள். சொட்டுகிறது.

இதுவரை யாரும் வரவில்லை.