கடைசிக் குதிரையின் இடைப்படங்கள்

பழைய கார்ட்டூன் ஸ்டூடியோவின் மாடிக்கு, முன்பு அங்கே படம் வரைந்த பெரியவர் மதியம் வந்து சேர்ந்தார். பூட்டைத் திறந்துவிட்ட எடிட்டர் ஜன்னல்களை மூடியே வைத்தான். வரைபவருக்கு வெளிச்சம் மேசைக் கண்ணாடிக்கு அடியிலிருந்து வர வேண்டும். அறை இருட்டாக இருந்தால்தான் மேல் தாளின் வழியே கீழ்த் தாளின் கோடு தெரியும்.

ஒரு காலத்தில் ஊரே சிரித்துப் பார்த்த குதிரைப் பந்தயக் குறும்படம் அது. இப்போது புதுப்பிக்கிறார்கள். முந்தி வந்த குதிரைகளெல்லாம் புகைப்படத்துக்குப் பல்லைக் காட்டியபடி எல்லைக்கோட்டுக்கு முன்னால் நின்றுவிடும். கடைசியாக வரும் நொண்டிக் குதிரை ஒரு தும்மல் போடும். மூக்கு ரப்பராய் நீண்டு கோட்டைத் தொட்டுவிடும். அந்த இடத்தில்தான் பிலிம் பூஞ்சை பிடித்து அழிந்திருந்தது.

குதிரையை வரைந்தவள் அவருடைய அக்கா. படம் திரைக்கு வரும் முன்பே இறந்துபோய்விட்டாள். ஒரு அரங்கம் முழுக்கச் சிரித்ததை அவள் கேட்கவே இல்லை.

சாயங்காலத்துக்குள் முடியாவிட்டால் அந்தக் காட்சியை நீக்கிவிட மேலிடத்தில் சொல்லியிருப்பதாக எடிட்டர் தயங்கியபடி சொன்னான். "வெட்டினா யாருக்கும் தெரியாது சார்."

"எனக்குத் தெரியுமேப்பா."

குதிரை ஓடுவதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் அசைவின் தொடக்கத்தையும் முடிவையும் வரைவார். அவை முக்கியப்படங்கள். நடுவில் வரும் சின்னச் சின்ன மாற்றங்களை இன்னொருவர் நிரப்புவார். அவை இடைப்படங்கள். அக்கா முன்னது, அவர் பின்னது. "குதிரை என்னோடது, லாயம் கழுவுறது உன் வேலை" என்று சீண்டுவாள்.

இன்று முக்கியப்படங்களையும் அவரே போட்டார். தும்மலுக்குத் தலை பின்வாங்குவது ஒன்று, மூக்கு கோட்டைத் தொடுவது ஒன்று. நடுவில் வெற்றுத் தாள்களைச் செருகிவிட்டு, கண் எரிந்ததால் முகம் கழுவப் போனார்.

திரும்பி வந்தபோது அறையில் நனைந்த குதிரையின் வாடை.

மேசை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

வெற்றுத் தாள்கள் வெறுமையாக இல்லை.

விரலிடுக்கில் தாள்களைப் பிடித்துப் புரட்டினார். குதிரை மூச்சை இழுத்தது, தும்மியது, ஜெயித்தது. நிழல்கோடுகள் எல்லாம் இடதுகைக்காரர் இழுக்கும் பக்கமே சாய்ந்திருந்தன. அக்கா இடதுகைக்காரி.

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் அழுதுவிட்டார்.

"லாயம் கழுவ நீ வந்தியா?" என்று இருட்டிடம் மெல்லக் கேட்டார்.

பக்கத்து நாற்காலி, ஆள் எழுந்ததுபோல் கிறீச்சிட்டது.

காட்சி தப்பித்தது. ஆனால் மறுவாரமே எடிட்டர் கூப்பிட்டான். குதிரை ஜெயித்த பிறகு திரும்பிப் பார்க்கிறதே, அது யார் போட்டது என்று கேட்டான். ஒவ்வொரு தடவை ஓட்டும்போதும் தலை இன்னும் கொஞ்சம் திரும்புகிறதாம். இனி தனியாகக் கீழே எடிட்டிங் அறையில் உட்கார மாட்டானாம்.

அவர் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

குதிரை இப்போது நேராக அவரையே பார்த்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. பேச்சை வரைகிறவர்களுக்கு ஒவ்வொரு ஒலிக்கும் ஒரு வாய் உண்டு. நாக்கு நுனி மேல்பல்லில் ஒட்டியிருந்தது. அது 'த'.

மறுபடி ஓட்டச் சொன்னார்.

உதடுகள் இறுக மூடியிருந்தன. 'ம்'.

அக்கா அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. எப்போதும் தம்பிதான்.

எடிட்டர் சுவிட்சில் கை வைத்தான். "நிறுத்திடவா சார்?"

"வேணாம். இன்னும் ஒரு எழுத்து பாக்கி."

மாடியில், பூட்டிய அறைக்குள், யாரோ பென்சில் சீவும் சத்தம் கேட்டது.