எந்திரம் தொடாத பாத்தி

காலை ஏழரைக்கு மகரந்திகள் கூட்டைவிட்டுக் கிளம்பின. கட்டைவிரல் நகமளவே உள்ள பறக்கும் எந்திரங்கள். தேனீக்கள் அழிந்து இருபது வருடமாகிறது. முருங்கையிலிருந்து பூசணி வரை மகரந்தம் சுமப்பது இவைதான். எந்தப் பூவானாலும் மலர்ந்த பத்தாவது நிமிடம் வந்துவிடும். எந்திரம் வராவிட்டால் பூ என்ன செய்யும் என்று பார்த்தவர் கோவில்பட்டி ஆய்வு நிலையத்தில் ஒருவர்கூட இல்லை.

சொர்ணவல்லி அங்கே பதினாறு வருடமாக இருக்கிறாள். ஜைனம்பு வந்து மூன்று வருடம்தான். ஆளுக்கொரு பாத்தியில் இருவரும் வளர்த்தது ஒரே செடி. செம்பருத்தி இனத்துக் காட்டுச்செடி. ஒரு பருவம் பூத்துக் காய்த்து, காய்ந்துபோகும். வெண்மஞ்சள் இதழ், நடுவே கருஞ்சிவப்பு. காலையில் விரிந்தால் உச்சிக்கு முன்னே சுருங்கிவிடும். செவ்வாய்க் குடியிருப்புக்குப் போகும் கப்பலில் ஒரு பாத்தியின் விதைக்கும் அதை வளர்த்தவருக்கும் மட்டுமே இடம் உண்டு.

ஜைனம்புவின் பூக்கள் பெரிதாக இருந்தன. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கொண்டுவரும் சாப்பாட்டில் பாதியைத் தினமும் "அக்காவுக்கு" என்று எடுத்துவைப்பாள் பாருங்கள், அப்போதுதான் சொர்ணவல்லிக்கு வயிறு எரியும். திட்டுவதற்குக்கூட ஒரு காரணம் தரமாட்டேன் என்கிறாளே!

பூக்கும் பருவம் தொடங்கிய அன்றே, தங்கை கல்யாணத்துக்காக ஜைனம்பு காயல்பட்டினம் கிளம்பினாள்.

"வர ரெண்டு வாரமாவும். என் பாத்தியக் கொஞ்சம் பாத்துக்கோங்கக்கா."

"நீ நிம்மதியா போயிட்டு வா. நான் பாத்துக்கிடுதேன்."

சொர்ணவல்லி பார்த்துக்கொண்டாள். கட்டளைத்திரையில் ஜைனம்புவின் பாத்தியை மகரந்திகளின் பாதையிலிருந்து எடுத்தாள். மிச்சமான எந்திரங்களைத் தன் பாத்திக்குத் திருப்பினாள். யாராவது கேட்டால் எந்திரக் கோளாறு என்று சொல்லிக்கொள்ளலாம். அந்த இரண்டு வாரமும் அவள் அடுத்த பாத்திப் பக்கம் திரும்பவே இல்லை. ஆசைதான், ஆனால் பார்த்தால் மனது கூசும்.

ஜைனம்பு ஊரிலிருந்து திரும்பியபோது பூக்கும் பருவம் முடிந்திருந்தது. செடிகள் காய்ந்தபின் தேர்வுக்குழுத் தலைவர் இருதயராஜ் வந்தார். இரண்டு பாத்தியிலும் புல்லிவட்டங்கள் ஊதி, ஊதா நரம்போடிய காகிதப் பைகளாகத் தொங்கின. ஜைனம்புவின் பாத்தியில் ஒரு பையைப் பிரித்தார். உள்ளே காய் நிறைய விதை. பை வெறுமையாகத்தான் இருக்கும் என்று நம்பியிருந்த சொர்ணவல்லி எட்டிப் பார்த்தாள்.

இருதயராஜ் மகரந்திகள் போய்வந்த பதிவைப் பார்த்தார். "இந்தப் பாத்திக்கு மகரந்தி ஒருநாள்கூட வரலையே! அப்புறம் எப்படி விதை?"

பாத்தியின் ஒளிப்பதிவை ஓட்டினார்கள். பூ விரிந்தது. நடுவில் மகரந்தத்தை ஏற்கும் ஐந்து சூல்முடிகள் மேலே நிமிர்ந்து காத்திருந்தன. ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். யாரும் வரவில்லை. பிறகு ஐந்தும் மெல்லப் பின்னால் வளைந்து, கீழே இருந்த அதே பூவின் மகரந்தத்தைத் தாமே தொட்டுக்கொண்டன.

"செவ்வாயில எந்திரம் ரிப்பேரானா தோட்டமே போச்சுன்னு பயந்துட்டு இருந்தோம்" என்றார் இருதயராஜ். "இது போதும்மா. எந்திரமில்லாம விதை பிடிச்சதுக்கு இதான் அத்தாட்சி. கப்பல் கிளம்ப மூணு வாரம்தான் இருக்கு. இந்த விதைதான் போகுது, ஜைனம்புவும் போறாங்க."

என் செடியும் இதைத்தான் செய்திருக்கும் என்று கத்தவேண்டும் போலிருந்தது சொர்ணவல்லிக்கு. ஒரே இனம்தானே! ஆனால் காட்ட அவளிடம் ஒரு பூ இல்லை. ஒன்றுக்கு இரண்டாக எந்திரங்களை ஏவி, ஒரு பூவையும் அரை மணி நேரம் சும்மா இருக்கவிடவில்லை அவள். இனி விதைத்துப் பூக்கவைத்துக் காட்டுவதற்குள் கப்பல் போயிருக்கும்.

மகரந்திகளின் பதிவின் ஓரத்தில் கட்டளையிட்டவர் பெயர் இருந்தது. ஜைனம்பு அதைப் படித்தாள். கண் நிறைந்து, ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

"எனக்காகவா இந்தச் சோதனையப் பண்ணுனீங்க? ஒரு வார்த்தை சொல்லலையேக்கா! நீங்க மட்டும் இல்லன்னா எனக்கு இந்த இடம் கெடைச்சிருக்கவே கெடைக்காது."

"அது என்னமோ உண்மைதான்" என்றாள் சொர்ணவல்லி.