சாமிக்கு மட்டும் நிற்கும் வண்டிகள்

நிதின்குமாரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அன்றைக்கும் ஆள் குறைந்தது. குடை வந்துவிட்டது. நாதஸ்வரம் பாடும் பெட்டி வந்துவிட்டது. நிதின்குமாரின் கழுத்தில் மாலைகூடப் போட்டாகிவிட்டது. எண்ணிப் பார்த்தால் பதினெட்டுப் பேர்தான் நின்றார்கள். இருபதுக்குக் குறைந்தால் அது ஊர்வலம் ஆகாது. ஊர்வலம் இல்லையென்றால் தானோடிகள் நிற்காது.

“சாந்தினி வீட்டுல கூப்பிடுங்கய்யா! அடுப்புல கொழம்பு இருந்தா எறக்கி வச்சுட்டு வரச் சொல்லுங்க!” என்று கத்தினாள் தர்ஷிணி. அவள் வெள்ளூரணியின் ஊராட்சித் தலைவி. குடைக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் மாலையோடு உட்கார்ந்திருந்தவர் அவளுடைய கணவர். இரண்டு சிறுநீரகமும் கைவிட்ட மனிதர். வாரத்தில் மூன்று நாள் அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் செய்தாக வேண்டும்.

அந்தப் பக்கம் என்றால் சாலைக்கு அந்தப் பக்கம். துறைமுகத்திலிருந்து வடக்கே போகும் தானோடிச் சாலை ஊரையும் ஆஸ்பத்திரியையும் பிரித்துப் போட்டிருந்தது. அதில் ஓடுபவை ஓட்டுநர் இல்லாத சரக்கு வண்டிகள். ஒன்றன் வால் ஒன்றைத் தொடுவதுபோல் இரவு பகலாகப் பறக்கும். தனி மனிதன் குறுக்கே வந்தால் அவற்றால் நிற்க முடியாது. அடுத்த சுரங்கப்பாதை வழியாகச் சுற்றினால் அறுபது கிலோமீட்டர். ஆம்புலன்ஸும் அந்தச் சுற்றில்தான் வரவேண்டும். அது வந்து சேர்வதற்குள் ஆள் போய்ச் சேர்ந்துவிடுவார்.

ஆனால் ஊர்வலத்துக்கு நிற்கும். வடக்கே எங்கோ ஒரு தானோடி சாமி ஊர்வலத்துக்குள் புகுந்து பெரிய கலவரமாகிவிட்டது. அதிலிருந்து சாலையோரக் கேமராக் கண்களுக்கு ஒரு பாடம் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். இருபது பேர், ஒரு குடை, மாலை, மேளம் தெரிந்தால் தூரத்திலேயே எல்லா வண்டிகளையும் நிறுத்திவிட வேண்டும் என்பது அந்தப் பாடம். மனுசனுக்கு நிற்காத வண்டி சாமிக்கு நிற்கும் என்பதை முதலில் கண்டுபிடித்தவர் கோயில் தக்கார் லோகேஷ். அன்றிலிருந்து வெள்ளூரணியில் பிரசவ வலி கண்டவளும் பாம்பு கடித்தவனும் மாலை போட்டுக்கொண்டு குடைக்குக் கீழேதான் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். கோயில் குடை கிழிந்திருந்தால் தர்காவிலிருந்து சந்தனக்கூட்டுக் கொடியும் கொட்டும் வரும். தானோடிக்கு எல்லாம் ஒன்றுதான்.

சாந்தினி கரண்டியும் கையுமாக ஓடிவந்தாள். பின்னாலேயே அவள் மாமனார். பெட்டியில் சாமி புறப்பாட்டு மல்லாரி முழங்கியது. சாலையில் வண்டிகள் வரிசையாக மூச்சுவிட்டு நின்றன. நிதின்குமார் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்தார்.

“லேட்டாயிருச்சு. இன்னைக்கும் பாதி நேரம்தான் மெஷின்ல போடுவாக” என்றார்.

“பேசாம நடங்க” என்றாள் தர்ஷிணி. அவளுக்குத் தொண்டை வரைக்கும் எரிச்சல். ஒரு நடைமேம்பாலம் இருந்தால் இந்த மனிதர் தன் காலால், தன் நேரத்துக்கு, மாலை போடாமல் போய்வருவார்.

சாலை மத்திய அரசுடையது. அதன்மேல் ஒரு செங்கல் வைப்பதானாலும் டெல்லிதான் பணம் தரவேண்டும். முன்பு அதற்கு மனு எழுதுவார்கள். எம்.பி. சிபாரிசு, அவருடைய மச்சான் சிபாரிசு என்று அலைந்து, கடைசியில் செல்வாக்குள்ள ஊருக்குப் பாலம் போகும், இல்லாத ஊருக்குப் பதில்கூட வராது. அந்த அநியாயத்தை ஒழிக்கத்தான் தேவைமானி வந்தது. ஊருக்கு ஒரு கம்பம். அதன் உச்சியில் கண்ணும் காதும். எத்தனை பேர் விழுந்தார்கள், எத்தனை பேர் அழுதார்கள், எத்தனை வீட்டில் சங்கு ஊதினார்கள் என்று எல்லாவற்றையும் அதுவே எண்ணும். எண் ஐம்பதைத் தொட்டால் அந்த ஊருக்கு எது தேவை என்று முடிவுசெய்து பணத்தையும் அதுவே அனுப்பிவிடும். மனுவும் கிடையாது, லஞ்சமும் கிடையாது. கம்பம் நட்ட நாளில் வெள்ளூரணியே வெடி வெடித்தது. தர்ஷிணிதான் கம்பத்துக்குப் பொட்டு வைத்துத் தேங்காய் உடைத்தாள்.

ஏழு வருடமாக அந்தக் கம்பத்தில் தெரியும் எண் சுழியம்.

தேவைக்கணிப்பு அலுவலர் பெனிட்டா வருடாந்தரப் பார்வைக்கு வந்தபோது, தர்ஷிணி காப்பிகூடக் கொடுக்காமல் கேட்டுவிட்டாள்.

“மேடம், மேலூரணிக்குப் பாலம் வந்துருச்சு. அது எங்க ஊர்ல பாதி இருக்காது. எங்களுக்கு மட்டும் ஏன் வரல?”

பெனிட்டா கையிலிருந்த பலகையைத் திருப்பிக் காட்டினாள். “மேலூரணியில சாலையக் கடக்கிறப்போ பதினோரு பேர் செத்தாங்க. உங்க ஊர்ல யாருமே சாகலையே.”

“சாகாமப் பாத்துக்கிட்டது ஒரு தப்பா?”

“தப்புன்னு நான் சொல்லல. இன்னொண்ணும் இருக்கு. வருசத்துக்கு முந்நூறு திருவிழா நடக்குற ஊர் இந்தியாவிலேயே இது ஒண்ணுதான். மானி கணக்குல நீங்க ரொம்பச் சந்தோசமா இருக்கீங்க.”

தர்ஷிணிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. “அது திருவிழா இல்ல மேடம். டயாலிசிஸ்!”

“எனக்குத் தெரியும். மானிக்குத் தெரியாது.”

“நீங்க எழுதுங்க.”

“மனுசங்க எழுதுனதாலதானே இந்த மானியே வந்துச்சு? நான் ஒரு வரி எழுதுனா வேலையும் போயிடும், வழக்கும் வரும்.” பெனிட்டா எழுந்தாள். நல்ல பெண்தான், முகம் வாடியிருந்தது. ஜீப்பில் ஏறும்போது குரலைத் தாழ்த்தினாள். “அழுற புள்ளைக்குத்தான் பால். நீங்க அழவே மாட்டேங்கிறீங்க. கொஞ்ச நாள் ஊர்வலத்த நிறுத்திப் பாருங்க. நான் சொன்னதா வேண்டாம்.”

ஊர் கூடியது. இதில் இரண்டு பேச்சு இருக்கவில்லை, எல்லாரும் களைத்துப்போயிருந்தார்கள். அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவருவதும், வேலையை விட்டு வந்து குடை பிடிப்பதும் எத்தனை நாளைக்கு? நிறுத்தலாம் என்றார்கள். சொல்லிவிட்டு எல்லாரும் நிதின்குமாரைப் பார்த்தார்கள். மற்றவர்கள் காய்ச்சலையும் கண் பரிசோதனையையும் தள்ளிப்போடலாம். அவருக்கு அது முடியாது.

“ரெண்டு தடவ போகலேன்னா ஒண்ணும் ஆயிராது” என்றார் நிதின்குமார். “தண்ணியக் கொறச்சுக்கிடுதேன்.”

“ஒண்ணும் வேண்டாம்” என்றாள் தர்ஷிணி.

“நீ தலைவியாப் பேசுறியா, பொண்டாட்டியாப் பேசுறியா?”

அவளுக்கும் பாலம் வேண்டியிருந்தது. அவருக்காகத்தான் வேண்டியிருந்தது என்பதுதான் கொடுமை.

ஊர்வலம் நின்றது. குடை கோயில் மூலையில் சாய்ந்து கிடந்தது. முதல் தவணை தப்பியபோது கம்பத்தில் ஒன்பது என்று எண் தெரிந்தது. ஏழு வருடத்தில் முதல்முறை. டீக்கடையில் ஒருவன் கைதட்டப் போக, லோகேஷ் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். “சந்தோசப்படாதல, எண் எறங்கிரும்!”

இரண்டாவது தவணையும் தப்பியது. எண் முப்பதைத் தாண்டியது. நிதின்குமாரின் கால் வீங்கியது, அப்புறம் முகம் வீங்கியது. தர்ஷிணி அளந்து கொடுத்த தண்ணீரை அவர் நாக்கை நனைத்து நனைத்துக் குடித்தார். ஊரில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. பிள்ளைகளைக்கூடத் தெருவில் விளையாடவிடாமல் உள்ளே வைத்துக்கொண்டார்கள்.

மூன்றாவது தவணைக்குரிய நாளில் காலைச் சாப்பாட்டு நேரத்துக்கு அவருக்கு மூச்சு முட்டியது. படுத்தால் முடியவில்லை, உட்கார்ந்தாலும் முடியவில்லை. நெஞ்சுக்குள் தண்ணீர் கொப்பளிக்கும் சத்தம் வெளியே கேட்டது. தர்ஷிணி வாசலுக்கு ஓடினாள். ஓடியவளுடைய கண் முதலில் போனது கம்பத்துக்கு. நாற்பத்தாறு.

இன்னும் நாலு என்று மனசு கணக்குப் போட்டது.

உள்ளே புருசன் மூச்சுக்குத் தவிக்கிறார், தான் இங்கே நின்று நாலு கேட்கிறோம் என்று உறைத்தபோது அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. கம்பத்தைப் பிடுங்கி எறிய வேண்டும்போல இருந்தது. திண்ணமாக ஊன்றியிருந்த கம்பம், அசையாது. சமையலறைக்குள் ஓடி எவர்சில்வர் தாம்பாளத்தையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்து அடித்தாள்.

“பாலமும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம்! வாங்கய்யா எல்லாரும்!”

அன்றைக்கு ஆள் குறையவில்லை. இதற்காகவே காத்திருந்ததுபோல ஊர் முழுக்க வந்தது. கோயில் குடையும் வந்தது, தர்காக் கொடியும் வந்தது. நாற்காலியோடு நிதின்குமாரைத் தூக்கினார்கள். பெட்டியில் மல்லாரி முழங்கியது, பக்கத்திலேயே பெண்கள் வாய்விட்டு அழுதுகொண்டே நடந்தார்கள். இரண்டு திசையிலும் கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும் தானோடிகள் நின்றன. ஆஸ்பத்திரி வாசலில் டாக்டர் திட்டிய திட்டு நல்ல திட்டு. தர்ஷிணி தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். சாயங்காலம் நிதின்குமார் கண்ணைத் திறந்து, குடிக்க ஏதாவது கொடு என்றார்.

அதற்குள் ஊர் திரும்பியிருந்த ஒருவன் போனில் கத்தினான். “அக்கா, அம்பத்தெட்டு! மானி அம்பத்தெட்டுக் காட்டுது! பணம் வந்துரும்க்கா!”

தர்ஷிணி ஆஸ்பத்திரித் தரையிலேயே உட்கார்ந்து அழுதாள்.

ஆணையை எடுத்துக்கொண்டு பெனிட்டா வந்தபோது பந்தல் போட்டிருந்தார்கள். ஜீப்பைவிட்டு இறங்கியவள் மாலையை வாங்கிக்கொள்ளவில்லை.

“தேர்” என்றாள்.

“என்ன மேடம்?”

“உங்க ஊருக்குத் தேர் சாங்ஷன் ஆகியிருக்கு. புதுத் தேர், கொட்டகை, வருசா வருசம் பராமரிப்புப் பணம்.” அவள் யார் முகத்தையும் பார்க்காமல் வேகமாகச் சொல்லிமுடித்தாள். திருவிழா நின்றதும் ஊர் வாடியது, எண் ஏறியது. திருவிழா மறுபடி பெரிதாக நடந்தது, ஊரே பக்தியில் கண்ணீர் விட்டது, மறுநாள் எண் சுழியத்துக்கு இறங்கியது. ஆகவே வெள்ளூரணிக்குத் தேவை திருவிழா. மானிக்கு அதில் சந்தேகமே இருக்கவில்லை.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். இங்கே குரங்கு வேண்டாமென்று திருப்பித் தரவும் வழியில்லை. மானி கொடுத்ததை மறுத்தால் ஊரின் பெயரே பட்டியலிலிருந்து போய்விடும்.

“சரி, தேர் வரட்டும். பாலம்?” என்று கேட்டாள் தர்ஷிணி. அவள் குரலில் கோபம்கூட இல்லை.

“தேர் உயரம் அறுபது அடி. அது சாலையக் கடந்து போகணும். அதனால இந்த இடத்துல குறுக்கே எதுவும் கட்டக்கூடாதுன்னு ஆணை.” பெனிட்டா ஆணையின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். “இன்னொண்ணு... இனிமே இந்த இடத்துல சாலைக் கண்ணுக்குப் பதிவான தேர்தான் ஊர்வலம். வெறும் குடைக்கு வண்டி நிக்காது.”

பந்தலில் பின்னால் எங்கேயோ ஒரு கிழவர் டெல்லியின் ஏழு தலைமுறையையும் வரிசையாக வைதுகொண்டிருந்தார்.

தேர் வந்து சேர்ந்த வாரத்திலேயே அதை இழுக்க வேண்டியதாயிற்று. நிதின்குமாருக்குத் தவணை. சாமி இருக்க வேண்டிய இடத்தில் மனுசனை உட்காரவைக்கலாமா என்று சிலர் இழுத்தார்கள்.

“அம்மன் ஒண்ணும் சொல்லமாட்டா” என்றார் லோகேஷ். “அவளும் ஏழு வருசமா நம்ம கூட ஆஸ்பத்திரிக்கு நடந்தவதான்.”

ஏணி வைத்து நிதின்குமாரை மேலே ஏற்றினார்கள். வடத்தின் இந்தப் பக்கம் ஆண்கள், அந்தப் பக்கம் பெண்கள். வயலுக்குப் போகவேண்டியவர்களும் பள்ளிக்கூடத்து வாத்தியார்களும் வடத்தைப் பிடித்தார்கள். பெனிட்டா செருப்பைக் கழற்றி ஜீப்புக்குள் போட்டுவிட்டு வந்து தர்ஷிணிக்குப் பின்னால் நின்றாள். சக்கரம் முனகிக்கொண்டு ஒரு சாண் நகர்ந்தது. சாலையில் தானோடிகள் மரியாதையாக நின்றன.

மேலேயிருந்து நிதின்குமார் எட்டிப் பார்த்தார். கீழே மனைவியின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

“தர்ஷிணி! நான் அன்னைக்கே போய்ச் சேர்ந்திருந்தா இந்நேரம் பாலம் வந்திருக்கும்ல?”

தர்ஷிணி வடத்தை விடாமல் மூச்சு வாங்கினாள். பிறகு தலையை நிமிர்த்தி, ஊரே கேட்கக் கத்தினாள்.

“இனிமே நீங்க செத்தாலும் வராது! தேர் இடிக்கும்! பேசாம உக்காருங்க!”